மூன்றாவது விசில்

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போயிருந்தேன். பிரியாணிக்கு இல்லை, நம்புங்கள்.

'சுண்ணாம்புக் குழி'யைப் பார்க்கப் போனேன். முகம் சுளிக்காதீர்கள்... அது ஒரு ராக் பேண்ட். தோல் ஷெட்டில் வேலை பார்த்த நான்கு பேர், தோலை ஊறப்போடும் குழியின் பெயரையே வைத்துக்கொண்டு, மெஷின் ஓடாத ஞாயிறு மதியங்களில் அங்கேயே வாசித்தார்கள். போட்டது ஒரே ஒரு கேசட். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதைக் காப்பிக்குக் காப்பி எடுத்துக் கேட்டார்கள். எனக்கு மொத்தமும் மனப்பாடம். ஆனால் நேரில் பார்த்ததே இல்லை.

ஏன்? அந்த ஷெட்டில், ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கேசட்டைப் பதிவு செய்த அன்று, என் தம்பி சாம் போனான். என்னை விடவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு அங்க இன்னா வேலை?" என்று அம்மா முடித்துவிட்டாள்.

கேசட்டின் கடைசிப் பாட்டில் ஓர் இடம் வரும். எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். அந்த அமைதியில் தூரத்தில் ஒரு விசில். கீழே ஆரம்பித்து மேலே ஏறும். மறுபடியும் ஒன்று. உடனே டிரம்ஸ் இடிக்கும்.

அந்த விசில் சாமுடையது. எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே சைக்கிளில் நின்றபடி என்னைக் கூப்பிட அடிப்பானே, அதே விசில். "நீ வரல இல்ல... அதான் அங்கேர்ந்து உன்னைக் கூப்ட்டேன்" என்று சிரித்தான்.

வீட்டில் என்றால் மூன்று தடவை அடிக்க வேண்டும். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைதான் பதில் கொடுக்கணும், முதல் இரண்டும் வேறு ஏதாவதாக இருக்கும் என்பது அம்மாவின் சட்டம். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்களே? வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். ஆனால் இந்த விஷயத்தில் பாஸ்டர் சொன்னாலும் அம்மா கேட்க மாட்டாள். அதனால் மூன்றாவது விசிலுக்குத்தான் "வர்றேன்டா" என்று உள்ளேயிருந்து கத்துவேன்.

அடுத்த வருடம் ஹைவேயில் ஒரு லாரி. சாம் போய்விட்டான்.

எனக்கு அவனுடையதாக மிஞ்சிய சத்தம் அந்த இரண்டு விசில்தான். போன கிறிஸ்துமஸுக்கு டேப் ரெக்கார்டர் அதையும் மென்று துப்பிவிட்டது. ரீல் துண்டு துண்டாகிவிட்டது. இன்டர்நெட்டில் தேடினேன், பழைய ஆட்களை எல்லாம் கேட்டேன். யாரிடமும் இல்லை. இரண்டாவது தடவையும் அவனைப் புதைத்த மாதிரி அழுதேன்.

அப்போதுதான் அந்த நால்வரும் ஒரு நாள் மட்டும் மறுபடி வாசிக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அதுவும் அதே ஷெட்டில். இப்போது அது கல்யாண மண்டபம். பாட்டில் அந்த விசில் வரும் இடத்தையாவது இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். கூட, பள்ளித் தோழி ஷபானா. வேலூரில் நர்ஸ்.

"ஜாஸ்தி எதிர்பாக்காதடி. அவங்களுக்கும் வயசாய்டுச்சு, நமக்கும் முட்டி வலி" என்றாள்.

டைல்ஸ், ஏசி எல்லாம் இருந்தது. ஆனாலும் பாட்டு சூடேற ஏற, சுவரிலிருந்து பழைய தோல் வாடை மெல்ல இறங்கியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் சுவர்தான். ஷெட்டின் பழைய கேட்டைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

கடைசிப் பாட்டு. வாத்தியங்கள் நின்றன.

மண்டபமே விசில் அடித்தது.

ஆமாம், மொத்த மண்டபமும். காப்பி கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா... அதுவும் பாட்டில் சேர்த்தி என்றே இத்தனை காலமும் நினைத்திருக்கிறார்கள். தலைக்குச் சாயம் அடித்தவர்கள், பேத்தியை மடியில் வைத்திருந்தவர்கள், எல்லோரும் என் தம்பி கூப்பிடுகிற மாதிரியே என்னைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் ஒரு விசில். அப்படியே உடைந்து அழுதேன்.

இப்போது டிரம்ஸ் வர வேண்டும். வரவில்லை. டிரம்மர் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து ஒரு விசில். ஒற்றை விசில். கொஞ்சம் பொறுமை இழந்த விசில்.

"வர்றேன்டா."

என் வாய்தான் சொன்னது. எழுந்து நின்றுவிட்டேன். டிரம்ஸ் இடித்தது.

ஷபானா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எங்கடி போற?"

"மூணாவது கேட்டுச்சா?"

"இன்னா மூணாவது? ரெண்டுதானே."

முடிந்ததும் டிரம்மரிடம் போனேன். நான் யார் என்று சொல்லவில்லை. ஏன் சார் அங்கே லேட் பண்ணினீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"டேப்புல ரெண்டுதான் கேக்கும் மேடம். அன்னிக்கு அந்தப் பையன் மூணு அடிச்சான். மூணாவது மேலயே நான் அடிச்சிட்டேன், அது அமுங்கிப்போச்சு. வருத்தமா இருக்கும் எனக்கு. அதான் இன்னிக்கு அது வரட்டும்னு வெயிட் பண்ணேன்."

"வந்துச்சா?"

"வந்ததாலதானே அடிச்சேன். நீங்க கேக்கல?"

வேலூர் வரைக்கும் ஷபானா என் கையை விடவே இல்லை. வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது தடவைதான் பதில் கொடுக்கணும் என்று அம்மா தெளிவாகத்தான் சொன்னாள். கொடுத்துவிட்டால் போய்த்தான் ஆகணுமா... அதைச் சொல்லவே இல்லையே.