புளியமரத்து ஸ்தலம்

காந்தாவுக்குக் குரல் பெரிது. எதிர்மலையில் மேயும் மாட்டை இங்கிருந்தே திட்டித் திருப்பிவிடுவாள். அந்தக் குரலுக்காகத்தான் எங்கள் சின்னக் கோயிலில் பாட்டு அவள் பொறுப்பு. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் வேதக்காரர் என்று, அதாவது கிறிஸ்தவர் என்று, நாங்கள் இருப்பதே இருபது பேர். அவள் வரவில்லையென்றால் பாட்டு முனகலாகப் போய்விடும்.

மூன்று வருடத்துக்கு முன், புளி உலுக்க ஏறிய அவள் புருஷன் கிளை முறிந்து விழுந்து செத்தான். ஞானஸ்நானப் பெயர் சூசை என்றாலும் ஊருக்கு அவன் வேடியப்பன்தான். அந்தப் புளியமரத்தில்தான் இயேசுவின் பாடுகளைத் தியானித்து நடக்கும் எங்கள் சிலுவைப் பாதையின் கடைசித் தகடு, பதினாலாவது, தொங்குகிறது. இயேசுவைக் கல்லறையில் வைக்கும் ஸ்தலம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் காந்தா தவறாமல் வருவாள். அந்த மரத்தடியில் முழந்தாளிட்டால் லேசில் எழமாட்டாள். அவள் எழும்வரை நாங்களும் முட்டி நோக அப்படியே இருப்போம். எதற்கெடுத்தாலும் சண்டை பிடிக்கிற கூட்டம் நாங்கள். இதற்கு மட்டும் ஒருவரும் முணுமுணுத்ததில்லை.

ஆனால் இயேசு உயிர்த்த பாஸ்கா திருநாளின் பூசைக்கு அவள் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு சசிகலா கூப்பிட்டால் ஒரே பதில்தான்.

"அழுவுற நாளுக்கு நான் வர்றேன். சிரிக்கிற நாளுக்கு எனக்கு இன்னா வேல அங்க?"

இந்த வருடம் பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு ஒளியின் பாதை வைக்கச் சொன்னார் பங்குச் சாமியார். இயேசு உயிர்த்தது முதல் தூய ஆவி இறங்கியது வரை பதினாலு ஸ்தலம். ஒவ்வொன்றிலும் நின்று தியானித்து நடக்க வேண்டும். புதுத் தகடுகளுக்கு எங்கே போவது? பழைய பாதையையே கடைசியிலிருந்து திருப்பி நடந்துவிடலாம் என்றார் உபதேசியார் தமிழ்மணி. அப்படிப் பார்த்தால் முதலாவதான உயிர்ப்பின் ஸ்தலம் அந்தப் புளியமரம்.

அவரே காந்தா வீட்டுக்குப் போனார்.

"நீ பாடலன்னா நான்தாம்மா பாடணும். ஊரு தாங்காது."

"அந்த மரத்தாண்ட நின்னு அல்லேலூயாவா? என் வாயில வருமாண்ணா?"

"வரலன்னா சும்மா நில்லு."



ஞாயிறு காலை வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தாள். பாடுவாளா என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியமில்லை. இது உயிர்ப்பின் காலம், நின்றுகொண்டே செபிக்க வேண்டும் என்று தமிழ்மணி வழியெல்லாம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

மரத்தடிக்கு வந்ததும் அவர் காந்தாவின் முகத்தைப் பார்த்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான் நடந்தது.

"பதினாலாம் ஸ்தலம். இயேசுவைக் கல்லறையில்..." என்று ஆரம்பித்துவிட்டார். இதில் கூத்து என்னவென்றால், ஒருவரும் அவரைத் திருத்தவில்லை. அத்தனை பேரும் மடமடவென்று முழந்தாளிட்டோம். நானும்தான்.

காந்தா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். குனிந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தனக்காகத்தான் இத்தனை பேரும் மூன்று வருடமாக இந்த மண்ணில் முட்டி தேய்க்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்ததாம். பிறகு சசிகலாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"எல்லாரும் எழுந்திருங்க!"

மாட்டைத் திருப்பும் அதே குரல்.

"பாஸ்கா முடிஞ்சி எட்டு நாளாச்சு. இன்னும் இன்னா கல்லறையாண்டயே குந்திக்கினு? அவரு இங்க இல்ல."

தமிழ்மணி முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இயேசுவத்தானம்மா சொல்ற?"

"அவரும் இல்ல. எங்க வூட்டுக்காரரும் இல்ல," என்றாள் காந்தா.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அல்லேலூயாவை எடுத்தாள். எதிர்மலையில் மாடுகள் கட்டாயம் திரும்பிப் பார்த்திருக்கும்.