‘முதலில் முஸ்யே’ என்றார் டாக்டர்

பனி கொட்டிய ஒரு காலையில், பஸ்ஸில் என் கணவர் வலது கையை உடம்போடு இறுக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றிருந்தார். கோட்டுக்குள்ளே, சட்டைக்கும் உள்ளே, அவருடைய கக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதில் இருந்தது சூடு ஆறுவதற்குள் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் நின்ற விதத்தைப் பார்த்த ஒரு பிரெஞ்சுக் கிழவி கவலையோடு, “கஸ்ஸே?” என்று கேட்டாள். கை ஒடிந்துவிட்டதா என்று அர்த்தம். இவர் கூச்சத்தில், “நோன் மதாம், ஃப்ராஜில்” என்று சொல்லிவைத்தார். உடையவில்லை, ஆனால் சீக்கிரம் உடையக்கூடியது. கிழவி என்ன புரிந்துகொண்டாளோ, எழுந்து தன் இடத்தை இவருக்குக் கொடுத்தாள். குழந்தை வேண்டி ஓர் ஆண்பிள்ளை வெட்கத்தை விட்டுப் பஸ் ஏறி வந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஏனென்றால் அதுவரை ஆஸ்பத்திரி என்றால் எனக்கு மட்டும்தான். நான் காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்துப் பெண். என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் என் கணவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. எழுபதுகளின் நடுவில் எங்கள் கல்யாணம் முடிந்ததும் என்னையும் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டார். இங்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில், மணலை உருக்கும் உலைக்கு எதிரே அவருக்கு வேலை. விடுமுறைக்குக் காரைக்காலில் அவருடைய தருமபுரத்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவருடைய அக்கா என்னை டாக்டர் டாக்டராக அழைத்துப் போவார். லேகியம், ஊசி, மாத்திரை. ஒரு தடவை மயக்க மருந்து கொடுத்துக் கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். எல்லா ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களிலும் பெண்கள்தான் வரிசையாக உட்கார்ந்திருப்போம். இவர் வெளியே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். யாரும் அவரை உள்ளே கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

இங்கேயும் நான்தான் நோயாளி என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். பிள்ளையில்லாத் தம்பதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பிரிவு என்று எழுதிக் கொடுத்து எங்களை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். டாக்டர் நடுவயதுப் பெண்மணி. நான் எழுந்து உள்ளறைப் படுக்கையை நோக்கி நடந்தேன். அவர் கையை நீட்டி என்னை நிறுத்தி, “முஸ்யே தபோர்” என்றார். முதலில் ஐயா. டாக்டருக்குக் குழப்பம் வந்துவிட்டது என்று இவர் நினைத்தார். “நோயாளி என் மனைவி” என்று மெதுவாகத் திருத்தினார். டாக்டர் சிரிக்கவில்லை. “இருவரும் சேர்ந்துதான் பிள்ளை. எளிதான சோதனை உங்களுடையது. கடினமானதை ஏன் அவர் முதலில் செய்துகொள்ள வேண்டும்?” என்று கேட்டார். இவருடைய காது சிவந்துபோனது. எனக்கோ, அத்தனை வருஷம் என் வயிற்றின் மேல் வைத்திருந்த ஒரு பாரத்தை யாரோ பாதி தூக்கிப் பிடித்தது போல இருந்தது.

குப்பி கொண்டுபோன அன்று டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். முதலில் இவர் பார்த்தார். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு நான் குனிந்தேன். சாம்பல் நிற வெளிச்சத்தில் ஒரு குளம். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உயிர்கள். வால் சுருண்டு நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது ஒன்று. இரண்டு தலையோடு ஒன்று. ஒன்றே ஒன்று மட்டும் குறுக்கே நேராக நீந்திப் போய் வெளிச்சத்தைத் தாண்டி மறைந்தது. நான், இவர், அக்கா, பஸ்ஸில் இடம் கொடுத்த கிழவி, எல்லாரும் இப்படி ஒரு நீச்சலில் வந்தவர்கள்தானா? கோயிலில் தீபாராதனை காட்டும்போது வரும் நடுக்கம் எனக்கு அந்த இரும்பு மேசையின் முன்னால் வந்தது.

பிறகு டாக்டர் கேட்ட கேள்விகள் விசித்திரமாக இருந்தன. சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி வந்ததா? என்ன வேலை? உலைக்கு எவ்வளவு பக்கம்? விந்தில் இருக்கும் இந்த உயிரணுக்கள் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ந்த இடத்தில்தான் உருவாகும். அதற்காகவே இயற்கை அந்த உறுப்பை வயிற்றுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறது என்றார். இன்றைக்குக் காண்பது ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன்னால் உருவாகத் தொடங்கியது என்றும் சொன்னார். “அப்படியானால் உலைதான் காரணமா?” என்று இவர் கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இருக்கலாம். நிச்சயமாகத் தெரியாது. பல ஆண்களுக்கு ஏன் இப்படி ஆகிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் உங்களைப் போன்றவர்களைக் கேட்கிறோம்” என்றார். தெரியாது என்று சொன்ன டாக்டரை நான் அதற்கு முன் கண்டதில்லை. நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, குறை என்னிடம் என்று.

இவர் தொழிற்சாலையில் கேட்டு, உலையை விட்டுப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாறிக்கொண்டார். அந்தக் கோடையில் ஊருக்குப் போனோம். போன மறுநாளே, உறவுக்காரர்கள் கூடியிருக்கும்போது அக்கா பேச்சை எடுத்தார்.

“தம்பி, திருமலைராயன்பட்டினத்துல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன். கலாவைத் தள்ளிவைக்கச் சொல்லல. அவளும் இருக்கட்டும்.”

நான் காப்பித் தம்ளர்களை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். இவர் தலை நிமிராமல் சொன்னார்: “கொறை அவகிட்ட இல்லக்கா. என்கிட்ட.”

“போடா. பொண்டாட்டியக் காப்பாத்தறதுக்கு இப்படியா சொல்லுவ? ஆம்பளைக்கு ஏதுடா கொறை?”

“காப்பாத்தலக்கா. நானே கண்ணால பாத்தேன். அதுக்குத்தான் வைத்தியமும் பாத்துக்கறேன்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் போலகத்திலிருந்து இவருடைய பெரியப்பா மகன் சைக்கிளில் வந்தார். முதல் நாள் அந்தக் கூட்டத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தவர். பிள்ளையில்லை என்று முதல் மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டாவது கட்டியவர். அவளுக்கும் பிள்ளையில்லை. சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்: “தம்பி, அந்தச் சோதனை நம்ம பக்கம் எங்கயாச்சும் பண்ணுவாங்களா?”

இவர்தான் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு டாக்டர் சோதித்துவிட்டு, ஓர் உயிரணுகூட இல்லை என்றாராம். “நானும் பாக்கணுங்க” என்று அண்ணன் பிடிவாதமாகக் கேட்டுப் பார்த்தாராம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாராம்: “வெறுந்தண்ணியா இருக்கு தம்பி.”

அதற்கு அடுத்த வாரம் அவர் தனியாக முதல் மனைவியின் ஊருக்குப் போனார். மாமனார் முன்னால் நின்று, “ஒங்க பொண்ணு மேல தப்பில்லங்க. கொறை என்னோடதுதான்” என்று சொன்னார். முதல் மனைவி வாசல்வரை வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “இத அன்னிக்கே பாத்திருக்கலாமுல்ல?” என்றாள். உள்ளே போய்விட்டாள். அவர் நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்ததாக எங்களிடம் சொல்லி அழுதார். அவள் திரும்பி வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் அவளை நல்ல காரியங்களில் ஒதுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நாங்கள் இங்கே திரும்பிய பின், ஒவ்வொரு முறை மைக்ராஸ்கோப்பில் குனியும்போதும் குளத்தில் நடமாட்டம் கூடியிருந்தது. உலையை விட்டதாலா, மருந்தாலா, தானாகவேயா, டாக்டர் கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். பார்க்க வந்த டாக்டர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அத்தனை படித்தவருடைய முகத்திலும் என் முகத்தில் இருந்த அதே வியப்பு.

அப்போதுதான் அவர் ஓர் அனுமதி கேட்டார். ஆராய்ச்சிக்காக இவருடைய உயிரணுவில் கொஞ்சம் உறையவைத்து வைத்துக்கொள்ளலாமா என்று. இவர் உடனே சம்மதித்தார். எஃகுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து காட்டினார்கள். வெள்ளையாகப் புகை எழுந்து தரையில் வழிந்தது. அந்தக் குளிரில் அவை சாகாமல், அசையாமல், எத்தனையோ வருஷம் இருக்குமாம்.

இந்த மாதம் இவர் மகளைக் கூட்டிக்கொண்டு காரைக்காலுக்குப் போயிருக்கிறார். சித்திரை வெயிலில் மேல்சட்டையில்லாமல் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகள் பாதிப் பிரெஞ்சிலும் பாதித் தமிழிலும் தன் அத்தையை ஏதோ கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மாலையில் வேலை விட்டு அந்த ஆஸ்பத்திரி மதிலோரமாக நடந்து வருகிறேன். உள்ளே எங்கோ, புகை மூடிய குளிரில், என் கணவர் இந்த ஊரிலும் இருக்கிறார்.