எந்தத் தெரு

என் அண்ணன் ஜெர்மனியில் கப்பல் இன்ஜினியர். அங்கே ஒரு வீட்டுக்காரன் அவனுக்கு வீடு வாடகைக்குத் தர மறுத்தான். இவன் போன் செய்தபோது வீடு போய்விட்டது என்றவன், பத்து நிமிடம் கழித்து ஒரு வெள்ளைக்கார நண்பன் கேட்டதும், காலியாகத்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றானாம். அண்ணன் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனான். நிறத்தையும் பிறப்பையும் பார்த்து வீட்டை மறுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். இரண்டு போன் பேச்சையும் இவன் எடுத்து வைத்த பிறகு, தான் பாகுபாடு பார்க்கவில்லை என்று வீட்டுக்காரன்தான் நிரூபிக்க வேண்டும். அவனால் முடியவில்லை. அண்ணன் ஜெயித்தான்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் லீவில் தூத்துக்குடிக்கு வந்தவன் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, அப்பப்பா! ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் மைக்கைப் பிடித்தவன் முக்கால் மணி நேரம் விடவில்லை. சமத்துவமாம், கண்ணியமாம், சட்டத்தின் முன் எல்லோரும் ஒன்றாம். சனம் கைதட்டியது. நானும்தான் தட்டித் தொலைத்தேன்.

அந்த வாரம் எங்கள் கீழ்வீடு காலியானது. வீடு அண்ணன் பேரில் இருக்கிறது. என் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிற டீச்சர் ஒருத்தி ஏரலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். அவள் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், படியேறாத வீடாக இரண்டு மாதமாகத் தேடி அலைந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி எங்கள் தெருமுனையில்தான். எங்கள் வீடு உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து அண்ணனிடம் சொன்னேன்.

மக்ரூனைக் கடித்துக்கொண்டே கேட்டான். "ஏளா, அவ ஏரல்ல எந்தத் தெரு?"

சொன்னேன்.

"வேண்டாம்ளா. எனக்கு ஒண்ணும் இல்ல. அக்கம்பக்கத்துல பேசுவாவ. வீடு போயிட்டுன்னு சொல்லிரு."

"ஜெர்மனிக்காரனும் இதத்தான சொன்னான்?"

"அது வேற. அவன் நிறத்தப் பாத்தான்."

"நீ தெருவப் பாக்க. இதுல என்னத்த வேற?"

இன்னொரு மக்ரூனை எடுத்துக்கொண்டான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கோர்ட்டில் ஜெயித்த அதே வாய்! இங்கே இவனைக் கூண்டில் ஏற்றி, நீ நிரூபி என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

பொய் சொல்ல மாட்டேன் என்று மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அவளிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அண்ணனை வெட்கங்கெட்டவன், வேஷக்காரன் என்று வாய் வலிக்கத் திட்டினேன். திட்டத் திட்ட எனக்கு மனசு லேசானது. நான் அவன் மாதிரி இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே.

அவள் கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸை மூடினாள். "எங்க தெரு அண்ணனுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

"உங்களுக்கு?"

நான் யோசித்தேன். அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு நீங்கதான கேட்டிய. பேரக்கூட அதுக்குப் பெறவுதான் கேட்டிய."