களாவும் கிளுவையும் நின்ற வேலி

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஆரணிக்கு வெளியே, ஓடைக்கரையில் ஒரே சமயத்தில் கட்டியவை. பின்பக்கம் வெட்டவெளி. கம்பி வேலி போட்டுவிடலாம் என்றார் என் கணவர். பக்கத்து வீட்டுப் பெண்தான் வேண்டாம் என்றாள். பட்டுத்தறி நெய்பவள், பிறந்த ஊர் படவேடு.

"முள்ளுச்செடி வெச்சிக்கலாம்க்கா. மாடு உள்ள பூராது, குருவி வரும்."

ஊருக்குப் போய்க் கிளுவைக் கழிகளைக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தாள். இடையிடையே களாச்செடியும் காரைமுள்செடியும் வைத்து, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வேலியாக நட்டோம். முதல் கோடையில் பாதி காய்ந்துபோக, திரும்பவும் நட்டோம். சில வருடங்களில் ஆள் உயரம் வந்துவிட்டது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கத்தின. கீரி ஒன்று அடியில் குடியேறியது. மதியம் தறியை விட்டு எழுந்தால் நேராக அங்கேதான் வருவாள்.

போன வருடம் களா பழுத்திருந்தபோது, உதிர்ந்த பழத்தைப் பொறுக்க வேலியடியில் கையை விட்டவள் "அக்கா!" என்று அலறினாள். கண்ணாடிவிரியன். அவள் கணவர் செய்யாறு கம்பெனியில் ஷிப்டில் இருந்தார். நாங்கள்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் என் மடியில் அந்தக் கை வீங்கிக்கொண்டே வந்தது. உயிர் பிழைத்தாள். வலது கை ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள்.

அவள் வீடு திரும்பிய மறுநாள் அவள் கணவர் கத்தியோடு வேலிக்கு வந்தார். அவர்கள் பக்கத்துக் களாவில் கொண்டைக்குருவி குஞ்சு பொரித்திருந்தது.

"தம்பி, அதுங்க பறக்கிற வரைக்கும் விட்டுவையுங்களேன்" என்றேன்.

"அவளுக்கு வெரலே போயிடுச்சு. நீங்க குஞ்சைப் பத்திப் பேசிகினு கீறீங்களேக்கா."

அவர்கள் பக்கத்து வேலி முழுவதையும் வெட்டினார். தாய்க்குருவி வாயில் பூச்சியோடு சாயங்காலம்வரை அங்கேயே சுற்றியது.

எங்கள் பக்கத்து வேலி அப்படியே நின்றது. அவள் பின்கட்டுக்கு வருவதையே விட்டுவிட்டாள். ஒருநாள் நானே போய்க் கேட்டேன்.

"பாம்பு இன்னாக்கா பண்ணும்? அது இருக்கிற எடத்துல நான்தான் கைய வுட்டேன்" என்றாள். பிறகு அழுதாள். "ஆனா அங்க சரசரன்னா எனக்கு ஒடம்பு நடுங்குதுக்கா."

வெட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. வீட்டில் பேசினோம். கூடுகளெல்லாம் காலியாகும்வரை காத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்ட ஆரம்பித்தோம். சத்தம் கேட்டு அவள் வந்தாள். வேலிக்கு நாலடி தள்ளியே நின்றாள்.

"நீ உள்ள போம்மா" என்றேன்.

"நாம வெச்சதுதானேக்கா."

இடது கையால் ஒரு கிளுவைக் கிளையைப் பிடித்து இழுத்தாள். முள் புடவையில் மாட்டிக்கொண்டது. நான் குனிந்து எடுத்துவிட்டேன். மாலைவரை இருவரும் சேர்ந்து இழுத்துப் போட்டோம்.