கடைசி அத்தியாயத்துச் சித்தப்பா

அநாதைகளைப் பற்றிய நாவல்களை விடாமல் வாசிப்பேன். முடிவில்தான் கோபம் வரும். கடைசி அத்தியாயத்தில் எப்படியும் ஒரு சித்தப்பா தேடி வந்துவிடுவார். அம்மா இறந்த பின் எல்கடுவ வீட்டில் நான் தனி. என்னைத் தேட யாருமில்லை.

ஒரு மாலை மாத்தளையிலிருந்து திரும்பும்போது, அப்படியொரு நாவலில் மூழ்கி இறங்குமிடத்தைத் தவறவிட்டேன். பஸ் கடைசித் தரிப்பிடத்தில் நின்றதும் கண்டக்டர், "வீட்டுல தேடுவாங்கக்கா, போன் போட்டுச் சொல்லிருங்க" என்றார். போனைக் கையில் எடுத்தேன். அழைக்க ஒரு பெயரும் இல்லை. மழையில் நடந்தே திரும்பினேன்.

இப்போது காலையில் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறேன். நேற்று பஸ் தாமதமானது. போன் அடித்தது.

"எங்க இருக்க? ஒன் வீட்டுல இன்னும் லைட்டு எரியலயே."