எதிர் நாற்காலி

அச்சகத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. முப்பத்தெட்டு வருடம் புரூப் பார்த்தவள். ஒரு கால்புள்ளி அவளிடம் தப்பியதில்லை. அப்பேர்ப்பட்டவள் சொந்தப் புத்தகத்தில், தெரிந்தே ஒரு பொய்யை எழுதி வைத்திருந்தாள்.

கதை எழுதும் அண்ணன், ஆட்சி கவிழ்ந்த வருடம், எழுதியதற்காகப் புது ஆட்சியின் ஆட்கள் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனது, அவன் திரும்பி வராதது எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. நாளைக்கு அச்சுக்குப் போகவேண்டும். அதற்குமுன் அண்ணி படிப்பாள். அவனைப் பிடித்த அன்றைக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த அண்ணி, இவள் சொன்னதைத்தான் இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். இவளுக்கென்று மிஞ்சியிருப்பதும் அந்த ஒரு மனுஷிதான்.

மேஜையில் பிற்பகல் வெயில் விழுந்திருந்தது. பழைய வழக்கப்படி புரூப்பை உரக்கப் படித்தாள். அந்தக் காலத்தில் இவள் படிக்க, அண்ணன் எதிரே கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு கேட்பான். தப்பு வந்தால் மகாராஜா வாயைத் திறக்கமாட்டார். விரலால் மேஜையில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

“என்னைத் தள்ளிவிட்டு மாடிக்கு ஏறினார்கள்” என்று படித்தாள்.

டொக்.

எதிர் நாற்காலி காலியாக இருந்தது. வெயிலில் மரம் முறுக்கிக்கொள்கிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பிரதியோடு ஒத்துப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து சரி. மறுபடி படித்தாள். அதே வரியில் டொக். மூன்றாம் தடவை வேகமாக ஓட்டிப் பார்த்தாள். அவனிடம் அந்த ஜம்பம் பலிக்குமா? டொக்.

“சும்மா இரு அண்ணா. அண்ணிக்குத் தெரிஞ்சா அப்புறம் என் முகத்துல முழிப்பாங்களா?”

சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். ஓரத்தில் எழுதி, எழுதியதைப் படித்தாள்.

“யாரும் என்னைத் தள்ளவில்லை. அச்சகத்திலிருந்து புரூப் கொண்டு வந்திருக்கிறோம் என்றார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். அவர்கள் கையில் இருந்தது பழைய பத்திரிகைக் கட்டு. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. ‘அண்ணா, புரூப் வந்திருக்கு, இறங்கி வா’ என்று நான்தான் கூப்பிட்டேன்.”

நிறுத்திக் காத்திருந்தாள். தட்டு, இது தப்பு என்று ஒரே ஒரு தட்டு தட்டு என்று மனசு கெஞ்சியது. மேஜை பேசாமல் கிடந்தது.

அறை வாசலில் அண்ணி டீ டம்ளரோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. வந்து டம்ளரை வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அவர் தட்டினது எனக்கும் கேட்டுச்சு,” என்றாள். “இன்னொரு தடவை படி. நான் கேக்கறேன்.”