இரண்டு டயர் போதும் என்றேன்

என் அக்காவின் கணவருக்கு ‘எதுக்கும்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். வெளியே கிளம்பினால் “எதுக்கும் ஒரு குடை இருக்கட்டும்” என்பார். அந்த ஒன்று காற்றில் மடங்கிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்றும் எடுப்பார். கேஸை அணைத்துவிட்டு வாசல்வரை வந்தவர், “எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்” என்று திரும்ப உள்ளே போவார். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்போம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மாமா கண்ணுக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரியும் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. லேசாகச் சிரித்துவிட்டு, குனிந்து செருப்பு வாரை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார்.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில் கிரீஸ் படிந்த கையோடு உட்கார்ந்து கம்பிக் கயிறுகளைப் பரிசோதிக்கிறார். கயிற்றில் கோளாறு தெரிந்தால் லிஃப்டைப் பூட்டிவிடுவார். எட்டு மாடி ஏறி இறங்க வேண்டியவர்கள் கத்துவார்கள். “ஒண்ணு தேஞ்சாலும் அத்தனை கயிறையும் சேத்துதான் மாத்தணும். புதுசும் பழசும் ஒண்ணா இழுக்காது” என்பார். இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நான் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவன். என் தொழிலில் உடைந்ததை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தால் கதை முடிந்தது. அதனாலோ என்னவோ, அவர் பேச்சு என் காதில் ஏறவே இல்லை.

அக்கா நர்ஸ். போன வருடம் அவளைக் குன்றின் மேலிருக்கும் முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். கல்குவாரிவரை தார் ரோடு. அதற்குமேல் மூன்று கிலோமீட்டர் செம்மண்ணும் சரளைக்கல்லும். ஒரு பக்கம் வெட்டிவிட்ட மண் சுவர், மறுபக்கம் பள்ளம். நடுவில் பாதை ஒரு தடவை கீழே இறங்கி, வளைந்து, மறுபடி ஏறும். பஸ் கிடையாது. அதற்காகத்தான் ஒரு சின்ன எஸ்யூவி வாங்கினார்கள். பார்ப்பதற்கு மலையையே புரட்டிவிடும்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். உள்ளே பார்த்தால் ஊருக்குள் காய்கறி வாங்கப் போகும் காரேதான். முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் இழுவை. டயரும் வழவழப்பான ரோட்டு டயர்.

மழைக்காலத்தின் முதல் தூறலிலேயே அந்த டயர் குணத்தைக் காட்டியது. மேட்டில் ஏறும்போது முன் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. வண்டி இரண்டு மீட்டர் பின்னால் வழுக்கி நின்றது. அக்கா அதை வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வாசலில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

“வேலையை விட்டுடேன்” என்று அன்றைக்கு ஒரே ஒரு தடவை கேட்டார்.

“நான் போய் நின்னாதான் ராத்திரி நர்ஸ் வீட்டுக்குப் போக முடியும். மேல நாப்பது பேர் படுக்கையில இருக்காங்க. நீங்க டயரைப் பாருங்க” என்றாள் அக்கா.

டயரைப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் பட்ட பாடு நாய் படாது. கையில் ஒரு நோட்டு, சட்டைப் பையில் டார்ச், அளவு நாடா. முதல் கடையில் பெரிய பெரிய பட்டன் வைத்த சேற்று டயரைக் காட்டினார்கள். சேற்றில் நன்றாகத்தான் பிடிக்குமாம். ஆனால் தினமும் போகும் தார் ரோட்டில் ஈரத்தில் பிரேக் போட்டால் நிற்குமா என்று கேட்டார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இரண்டாவது கடையில் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் இருந்தது. ஆனால் கொஞ்சம் உயரம் அதிகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாது என்று வேண்டாம் என்றுவிட்டார். இன்னொரு கடையில் அளவு சரியாக இருந்தது. டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரமும் வருடமும் நாலு இலக்கமாக இருக்குமாமே, டார்ச் அடித்து அதைப் படித்துவிட்டு, “இது அஞ்சு வருஷமா அலமாரியிலயே தூங்குது. ரப்பர் இறுகியிருக்கும்” என்று நடையைக் கட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயே போய்விட்டது.

நாலாவது கடையில் எல்லாம் பொருந்தியது. அளவு சரி, பாரம் தாங்கும் எண் சரி, தயாராகி நாலே மாதம். மாமா நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் கடைக்காரர் சொன்னார், “ரெண்டுதான் இருக்கு சார். மத்த ரெண்டு ஒரு வாரத்துல வந்துடும். நாலா போட்டுக்கங்க.”

மறுநாளிலிருந்து கனமழை என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். அக்கா வண்டிக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பசி வேறு.

“இதுல என்ன யோசனை? வழுக்கினது முன் சக்கரம். இழுக்கறதும் முன் சக்கரம். இந்த ரெண்டை முன்னாடி மாட்டுங்க. மத்தது வரும்போது வரட்டும்” என்றேன் நான்.

மாமா தயங்கினார். “ரெண்டு மட்டும் போட்டா முன்னாடி பிடிக்கும், பின்னாடி பிடிக்காது. இறக்கத்துல பின்பக்கம் சுத்திட்டு வந்துடும், மச்சான். போடறதா இருந்தா பின்னாடி போடலாம், இல்ல நாலும் வரட்டும். கயிறு மாத்தும்போது நாங்க…”

“மாமா, இது லிஃப்ட் இல்ல. டயர்” என்றேன். “உங்களை விட்டா வண்டிக்கும் உச்சியில ஒரு கயிறு கட்டித் தொங்க விடுவீங்க.”

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். காற்றடிக்க வந்தவர், பஞ்சர் போட வந்தவர், கடைக்காரர், எல்லோரும். அக்காவும் சிரித்தாள். மாமாவும் சிரித்தார், காதுவரை சிவந்துபோய். பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி, முன்னாடியே போடுங்க” என்றார்.

அன்று சாயங்காலம் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து இரண்டு மூட்டை மணல் கொண்டுவந்து வண்டியின் பின்பக்கத்தில் வைத்தார். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ இருக்கும். நான் என்னவென்று கேட்டேன். “எதுக்கும் இருக்கட்டும். பின் சக்கரம் கொஞ்சம் அழுந்தும்” என்றார். நான் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டேன்.

இரண்டு நாள் கழித்து இல்லத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது. படுக்கைக்கு நேரே சாரல் அடிக்கிறது, வந்து போட்டுக்கொடு என்றாள் அக்கா. காலையில் கண்ணாடியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். கண்ணாடி வைக்கத் தளம் சமமாக இருக்க வேண்டும், மூட்டையோ கல்லோ இடிக்கக் கூடாது. மூட்டைகளை இறக்கிக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடியைப் போர்வையில் சுற்றி உள்ளே ஒரு ஓரமாக நிறுத்தினேன். மாமா குளித்துக்கொண்டிருந்தார். அக்கா நேரமாகிவிட்டது என்று ஓடி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேடு ஏறும்போது முன் டயர்கள் சேற்றை அப்படிக் கவ்வின. “பாத்தியா?” என்றேன் பெருமையாக. அக்கா தலையாட்டினாள். பிறகு இறக்கம் வந்தது. வளைவுக்கு முன்னால் மெதுவாகத்தான் பிரேக்கை மிதித்தாள். முன்பக்கம் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வண்டி தனியாகக் கழன்று போவதுபோல இருந்தது. மண் சுவர் எனக்கு நேரே வந்து நின்றது. அக்கா ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் எதிலோ டங்கென்று இடித்து வண்டி நின்றது.

மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பின் கண்ணாடி முழுக்க வானமும் கீழே மரங்களின் உச்சியும்தான் தெரிந்தன. பாதை தெரியவில்லை. ஒரு பின் சக்கரம் எல்லைக்கல்லில் முட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று அந்தரத்தில் இருந்தது.

நான் கதவைத் திறக்கக் கை வைத்தேன். முன்பக்கம் ஒரு அங்குலம் எழும்பி அமர்ந்தது.

“அசையாதே” என்றாள் அக்கா. நோயாளிகளிடம் பேசும் அதே குரல். “நாம ரெண்டு பேர் கனம்தான் முன்பக்கத்தை அழுத்திட்டு இருக்கு. ஒருத்தர் இறங்கினாலும் போச்சு.”

இரண்டு பேர் போனிலும் சிக்னல் இல்லை. மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லைக்கல்லின் அடியிலிருந்து மண் கரைந்து சிறு சிறு கட்டியாக விழும் சத்தம் கேட்டது. பின்னால் கண்ணாடி ஒவ்வொரு மூச்சுக்கும் கிர்ரென்றது. என்னைப் பெற்றவளைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது. நாற்பது வயது ஆளுக்கு அப்படித் தோன்றுவது வெட்கம்தான். ஆனாலும் தோன்றியது.

“நல்லவேளை, உங்க மாமா பின்னாடி மூட்டை வச்சிருக்கார். இல்லன்னா இன்னும் வேகமா சுத்தியிருக்கும்” என்றாள் அக்கா.

மூட்டை வீட்டில் கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. சொன்னால் அவள் கை நடுங்கி, வண்டியும் அசைந்துவிடுமோ என்று பயம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவே பயம். அவளை அந்தச் சக்கரத்தின்மேல் உட்கார வைத்தவன் நான். கடையில் எல்லோரையும் சிரிக்க வைத்தவனும் நான்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அரைமணி இருக்கலாம். வளைவில் ஒரு ஆள் ஓடி வருவது தெரிந்தது. குடை இல்லை. ஒரு காலில் செருப்பு இல்லை. தோளில் லிஃப்ட் வேலைப்பை. நாலு சுவருக்குள் எந்த உயரத்திலும் வேலை பார்த்தாலும், திறந்த பள்ளத்தை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் என்று இந்தப் பாதையில் ஒரு தடவைகூட வராத மாமா.

அவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளங்கையைக் காட்டி, அப்படியே இருங்கள் என்றார். பையிலிருந்து கயிற்றை எடுத்தார். மண் சுவரில் ஏறி, மேலே இருந்த மரத்தின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தார். இறங்கி வந்து மறுமுனையை வண்டியின் முன்கொக்கியில் மாட்டி இறுக்கினார். முன் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தார். கயிற்றை விரலால் முழுநீளமும் தடவிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் அக்காவின் கதவைத் திறந்து, “மெதுவா வா” என்றார். அவளை இறக்கிவிட்டு என் பக்கம் வந்து என் கையையும் பிடித்து இழுத்தார். வண்டி பின்னால் ஒரு முழம் சாய்ந்தது. கயிறு விறைத்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

பிறகு மாமா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“மூட்டையை நான்தான் இறக்கி வச்சேன், மாமா” என்றேன்.

“தெரியும்” என்றார். “கேட்டைப் பூட்ட வந்தப்ப பாத்தேன். போன் போட்டேன், போகல. வாடகை வண்டிக்காரர் குவாரிக்கு மேல வரமாட்டேன்னுட்டார். அதான் ஓடி வந்தேன்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“தப்பு என் மேலதான், மச்சான்” என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே. “பின் சக்கரம் சுத்தும்னு எனக்குத் தெரியும். கடையில இன்னொரு தடவை சொல்லியிருக்கணும். எல்லாரும் சிரிச்சதும் வெக்கமாப் போச்சு.”

அவர் பைக்குள் கைவிட்டு இன்னொரு கயிற்றை எடுத்து என் பக்கம் நீட்டினார். உட்கார்ந்த இடத்தைவிட்டு அவர் எழவில்லை.

“எதுக்கும் இதையும் கட்டிடு. ஒரு முடிச்சு போதும்.”

மரத்தடிக்கு ஏறிப் போய் ஒரு முடிச்சுப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். பிறகு அதன்மேல் இன்னொன்றும் போட்டேன்.